பிறந்தநாள் பேனரில் தைத்த நான்கு பைகள்

பெனிட்டோ செருப்பைக் கழற்றாமல் என் வீட்டுக்குள் வந்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர். புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் தரையில் உட்கார்ந்து ஒரு பர்ஸுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தேன். அவனை எனக்கு முன்பின் தெரியாது. கையிலிருந்த போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். இன்ஸ்டாகிராமில் நான் போட்டிருந்த படம். தோளில் மாட்டும் பை, நீலப் பின்னணி, முன்பக்கம் முழுக்க ஓர் இளைஞனின் பாதி முகம். ஒரு கண், பாதி மூக்கு, கடுக்கன் போட்ட ஒரு காது.

"இது யாருன்னு தெர்யுமா ஒனக்கு?"

தெரியாது என்றேன். அது உண்மை.

"எங்க மணி. செத்துப்போய்ட்டான். நீ அவன் மூஞ்ச வெட்டி பை தச்சி வித்துகினு கீற."

சொல்லிவிட்டு அறைந்தான். காதுக்குள் இரைச்சல் அடங்குவதற்குள் மற்ற இருவரும் என் தையல் மிஷினை மேசையோடு தூக்கிவிட்டார்கள். தடுக்கப் போனேன். இன்னொரு அறை விழுந்தது. மூன்று மாடி இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன, யாரும் வெளியே வரவில்லை.

நான் செய்யும் தொழில் இதுதான். தெருவில் கட்டி அவிழ்த்த ஃப்ளெக்ஸ் பேனர்களை வாங்கிக் கழுவி, வெட்டி, கைப்பை, பர்ஸ், லேப்டாப் உறை என்று தைத்து விற்கிறேன். கேட்டவர்களுக்குக் கேட்ட மாதிரி. ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது என்பதால் வாங்குகிறார்கள். அதற்கு முன் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் இரண்டு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். ஒருநாள் பாதி ஷிஃப்டில் எழுந்து வந்துவிட்டேன், திரும்பப் போகவில்லை. அவர்கள் தூக்கிக்கொண்டு போனது தார்ப்பாய் தைக்கிற பழைய மிஷின். வீட்டு மிஷினின் ஊசி ஃப்ளெக்ஸில் இறங்காது. அது இல்லையென்றால் நான் மறுபடியும் அந்த யார்டு வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும்.

ஃப்ளெக்ஸ் வெட்டுவதற்கு எனக்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. சாமி படம் வெட்டமாட்டேன். தலைவர்கள் படம் வெட்டமாட்டேன். கண்ணீர் அஞ்சலி பேனரை வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன். பக்தியோ பயமோ இல்லை, வம்பு வேண்டாம் என்பதுதான். எங்கள் பகுதியில் அஞ்சலி பேனரைக் கண்டுபிடிக்கப் படித்துப் பார்க்க வேண்டியதில்லை. கறுப்புக் கரை, ஒரு மூலையில் குத்துவிளக்கு, இன்னொரு மூலையில் பறக்கிற புறா. தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

இந்தப் பேனரில் அது எதுவும் இல்லை. 'இன்று பிறந்தநாள் காணும் எங்கள் மணி' என்று மஞ்சள் எழுத்து. ஆள் உயரத்துக்கு ஒருவன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, புது ஷூவோடு, கையை மடக்கிக் காட்டி நின்றான். கீழே வட்ட வட்டமாக நண்பர்களின் முகங்கள். அப்போது செத்து ஏழு மாதம் ஆகியிருந்தவனுக்கு, உயிரோடு இருக்கிறவனுக்குப்போல பேனர் கட்டியிருக்கிறார்கள். நான் அன்று பெனிட்டோவிடம் இதைத்தான் கேட்டேன். கறுப்புக் கரை போட வேண்டாம், ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று.

"அவன் செத்துட்டான்னு நாங்க ஏன் எழுதணும்?" என்றான்.

அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர்கள் மிஷினோடு இறங்கிப் போன பிறகு ஒரு பெண் மாடியேறி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். இளைத்த உடம்பு, கையில் நீலச் சட்டை, ரயில் பெட்டி கழுவும் ஒப்பந்தக்காரர்கள் கொடுக்கிற சட்டை. பேசின் பிரிட்ஜில் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். பெயர் சொக்கம்மாள். மணியின் அம்மா. வாசலில் நின்றே பேசினாள், உள்ளே வரவில்லை.

அந்தப் பேனரில் எத்தனை பை தைத்தாய் என்று கேட்டாள். நான்கு என்றேன். ஒன்று மட்டும் விற்காமல் இருந்தது, ஷூவும் ஜீன்ஸின் கீழ்ப்பாதியும் வந்த பை. எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கி, முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். அதே அளவில் புதுசாக ஒரு பேனர் என் செலவில் அடித்துத் தருகிறேன் என்றேன்.

"புச்சு எனக்கு இன்னாத்துக்கு? எவளோ அவன் மூஞ்சிய பஸ்ல கீழ வச்சி கால இடிச்சிகினு வருவா. கக்கூஸ் ஆணியில மாட்டுவா. ஞாயித்துக்கெழம அவனுக்கு வருஷம். அதுக்குள்ள நாலும் என் வூட்டுக்கு வரணும். வந்தாதான் ஒன் மிஷினு."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

முதலில் ஜெரியைத் தேடிப் போனேன். சவுக்குக் கம்பு நட்டு பேனர் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் வேலை, எனக்குப் பேனர் கொடுப்பவனும் அவன்தான். வியாசர்பாடி மேம்பாலத்துக்கு அடியில் கம்புகளின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பேனரை அவிழ்த்ததும் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி அந்த அம்மா சொல்லியிருந்ததாக ஒப்புக்கொண்டான். காற்றில் நடுவில் கிழிந்துவிட்டதாம், கிழிந்ததை எப்படிக் கொடுப்பது என்று வைத்துவிட்டானாம். 

"நீதான் மாமு நீலம் வேணும் நீலம் வேணும்னு உசுர எடுத்த. நான் இன்னா பண்ட்டும்?"

அதுவும் உண்மைதான். நீலமும் முகமும் கேட்டு எனக்கு ஒரு ஆர்டர் வந்திருந்தது. ராயபுரத்தில் மகிமா என்ற பெண். ஃபேஷன் டிசைன் படிக்கிறாள். பையின் நடுவில் ஒரு மனிதக் கண் இருக்க வேண்டும், யாரும் அறியாத ஆளாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

பேனரை நான் எப்போதும் பின்பக்கம்தான் வெட்டுவேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. அட்டையை வைத்து பேனாவால் கோடு போட்டு வெட்டிவிட்டு, திருப்பிப் பார்த்தால்தான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும். பாதி எழுத்து, ஒரு பூ, யாரோ ஒருவனின் முழங்கை. அதுதான் இந்தப் பைகளின் அழகு என்று வாங்குகிறவர்கள் சொல்வார்கள். இந்தப் பேனரிலும் மூன்று பைகளை அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டதுபோல வெட்டினேன். நான்காவதை அப்படி வெட்டவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பேனரைத் தூக்கிப் பிடித்து, கண் எங்கே வருகிறது என்று பார்த்துக் குறித்து வெட்டினேன்.

இரண்டாவது பை தண்டையார்பேட்டையில் ஷைனி என்ற நர்ஸிடம் இருந்தது. மணியின் மார்பும் மடக்கிய கையும் அதில் வந்திருந்தன. விஷயத்தைச் சொன்னதும், உள்ளே இருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துவிட்டுப் பையை இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள். நான்கு வாரமாகச் செத்தவன் நெஞ்சில் சாம்பார் சாதம் கொண்டுபோயிருக்கிறேன் என்றாள். பிறகு என் எதிரிலேயே கையை டெட்டால் போட்டுக் கழுவினாள். இனிமேல் என் நம்பருக்கு மெசேஜ் போடாதே என்றாள்.

மூன்றாவது பை எண்ணூரில். ஜோபின் என்பவர் மகளுக்கு வாங்கியது. 'பிறந்தநாள்' என்ற எழுத்தும் வட்ட முகங்களும் இருந்த துண்டு. அவர் கதையைக் கேட்க விரும்பவில்லை, பதிலுக்கு என்ன தருவாய் என்று மட்டும் கேட்டார். என்னிடம் இருந்ததிலேயே நல்ல பையைக் கொடுத்தேன். இன்னும் ஒன்று கேட்டார். அதையும் கொடுத்தேன். வரும் வழியில் பார்த்தபோதுதான் கவனித்தேன், வட்ட முகங்களில் ஒன்று பெனிட்டோ. கழுத்தோடு வெட்டுப்பட்டு, அதன் மேல் ஜிப் ஓடியது. அன்றைய நாளில் எனக்குச் சந்தோஷம் கொடுத்த ஒரே விஷயம் அது.

வெள்ளிக்கிழமை மகிமாவைப் பார்க்கப் போனேன். அவள் அப்பா சுப்புராஜ் ராயபுரத்தில் கயிறும் வலை நூலும் மொத்த வியாபாரம் செய்கிறார், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மத்தியானத்தில் கடையில் அவள்தான் இருப்பாள். பை அவளுக்குப் பின்னால் காலண்டர் ஆணியில் தொங்கியது. கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் முழுதும் சொல்லி முடிக்கும்வரை அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு சிரித்தாள். அவள் கல்லூரிக் கண்காட்சியில் அந்தப் பையைப் பார்த்த யாரோ பெரிய இடத்து ஆள் என்னிடம் வந்து அதையே அதிக விலைக்குக் கேட்டிருக்க வேண்டும், அதற்காகத்தான் செத்தவன் கதையோடு வந்திருக்கிறேன் என்பது அவள் முடிவு. நான் இல்லை என்றேன். செத்தவன் பெயரையும், சாத்தாங்காட்டு இரும்பு யார்டில் தகடு இறக்கும்போது சங்கிலி நழுவி அவன் செத்ததையும் சொன்னேன்.

"அப்போ அதைச் சொல்லி இன்னும் நாலு ஆர்டர் பிடிங்க. என் பையைக் கேக்காதீங்க."

நான் கையை நீட்டி ஆணியிலிருந்து பையை எடுத்திருக்கலாம். இரண்டடி தூரம்தான். கடையில் மூட்டை தூக்குகிற இருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்துவிட்டேன். நான் வீடு சேர்வதற்குள் அவள் என் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரைப் போட்டு, விற்ற பொருளை மிரட்டித் திரும்பக் கேட்கும் ஆள் என்று எழுதிவிட்டாள். மூன்று பேர் ஆர்டரை ரத்து செய்தார்கள்.

சனிக்கிழமை காலை சொக்கம்மாளின் வீட்டுக்குப் போய், மூன்று பை வந்துவிட்டது, நான்காவதைத் தரமாட்டேன் என்கிறார்கள் என்றேன். முகம் எதில் இருக்கிறது என்று கேட்டாள். அதில்தான் என்றேன். அவள் சட்டையை மாற்றிக்கொண்டு, கதவைப் பூட்டி, வா என்றாள். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

கடையில் சுப்புராஜும் இருந்தார். வியாபாரத்துக்கு வந்தவள் என்று நினைத்து, என்ன கயிறும்மா வேணும் என்று கேட்டார். சொக்கம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தபடி நின்றாள். அவள் அதை நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை.

மகிமா எழுந்து பைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இவங்களையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றாள் என்னிடம். பிறகு சொக்கம்மாளிடம், "நான் திருடலை. சொல்லி செஞ்சு வாங்கினது. நீங்க மூணு நாள் ரோட்டுல கட்டி விட்டீங்க, காக்கா எச்சம் போட்டுச்சு, அப்புறம் யாரும் தேடலை. நான் அதைத் தரையில கூட வைக்கறதில்லை. யார்கிட்ட இருந்தா மரியாதை?"

நான் பெனிட்டோவிடம் சொல்ல நினைத்ததைத்தான் அவள் சொன்னாள். அதுவும் என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

சொக்கம்மாள் கல்லா மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"ஒருவாட்டி அவன துண்டு துண்டா வாங்கினேன். ஆஸ்பத்திரில. இதான் கால், இதான் கைன்னு சொல்லி குட்த்தாங்க. கையெழுத்து போட்டு வாங்கினேன். இப்போ கால் வந்துச்சு, கை வந்துச்சு. மூஞ்சி ஒங்கையில கீது."

கடையில் நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தவன் அளப்பதை நிறுத்தினான்.

"கொடுத்துரும்மா," என்றார் சுப்புராஜ். "நமக்கு இது வேண்டாம்."

மகிமா பையை ஆணியிலிருந்து எடுத்து மேசையில் கவிழ்த்தாள். சார்ஜர், லிப்ஸ்டிக், ஜெபமாலை, காலேஜ் கார்டு, ஒரு சீப்பு எல்லாம் கொட்டியது. காலியான பையை முகம் கீழே இருக்கும்படி மேசையில் எறிந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம்தான். அந்தக் கோபம் முழுக்க என் மேல்.

"இவர் ஒண்ணும் தெரியாம வெட்டலை," என்றாள். "கண்ணு கரெக்டா நடுவுல வந்திருக்கா பாருங்கன்னு எனக்கு மூணு போட்டோ அனுப்பினார். இன்னும் போன்ல இருக்கு. காட்டவா?"

சொக்கம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தாள். பையைத் திருப்பி முகத்தைப் பார்த்து, மார்போடு அணைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை. ஜிப்பை இழுத்து மூடி, கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கேட்டாள்.

"பாத்துதான் வெட்னியா?"

"பார்த்துதான்."

"காதுல கடுக்கன் கீதே. அதயும் பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் நான்கு நாட்களாக எல்லாரும் என்னிடம் உண்மையைத்தான் சொல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பையைத் தூக்கி, வெட்டின ஓரத்தை விரலால் தடவினாள். "நேராதான் வெட்டிகீற," என்றாள். அது பாராட்டில்லை. 

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என்னை வரச்சொல்லியிருந்தாள். அவள் வீடும் குடியிருப்பில் மூன்றாவது மாடிதான், எங்கள் வீட்டைப்போலவே ஒரே அறை. அம்பேத்கர் படத்துக்கும் புத்தர் படத்துக்கும் கீழே மணியின் சின்ன புகைப்படம், அதன் முன்னால் மெழுகுவர்த்தி, தட்டில் பிரியாணி, ஒரு பாட்டில் மாம்பழ ஜூஸ். பெனிட்டோவும் எட்டுப் பத்து பேரும் வராந்தாவரை நின்றார்கள். நான் ஏறி வந்தபோது யாரும் வழிவிடவில்லை. இடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

நான்கு பைகளும் தரையில் இருந்தன. சொக்கம்மாள் அவற்றை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். மேலே முகம், அடுத்தது மார்பும் கையும், அதற்கும் கீழே ஷூ. எழுத்து வந்த பை ஓரமாகக் கிடந்தது. நடுவில் இடுப்பும் தொடையும் இல்லை. காற்றில் கிழிந்த துண்டு அதுதான், அதை நான் தூர எறிந்திருந்தேன். அதையும் சொன்னேன். பெனிட்டோ என் சட்டையைப் பிடித்தான்.

தையலைப் பிரித்து நான்கையும் ஒரே துணியாகச் சேர்த்துத் தருகிறேன் என்றேன். ஓரத்தில் ஊசி போன ஓட்டைகள் இருக்கும், ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் குறையும், முகம் கொஞ்சம் ஒடுங்கும். ஆனால் சேர்க்கலாம்.

"ஒட்டுப்போட்டு?" என்றாள் சொக்கம்மாள். "ஆஸ்பத்திரில ஒருத்தன் அவன அப்டிதான் தச்சி குட்த்தான். வேணாம்."

எரித்துவிடலாம் என்றான் பெனிட்டோ. கீழே கொண்டுபோய் எல்லாவற்றையும் எரித்துவிட்டு, என் மிஷினையும் அதே நெருப்பில் போடலாம் என்றான். வராந்தாவில் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். ஃப்ளெக்ஸ் எரிந்தால் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும். முகம் முதலில் சுருண்டு போகும்.

சொக்கம்மாள் மூன்று பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். முகம் இருந்த பையை எடுத்தாள். ஜன்னல் மேல் இருந்த அவள் சில்லறைப் பர்ஸ், வேலை அடையாள அட்டை, வெற்றிலைப் பொட்டலம், வீட்டுச் சாவி எல்லாவற்றையும் அதில் போட்டாள். தோளில் மாட்டினாள். பிரியாணித் தட்டை நகர்த்தக் குனிந்தபோது பை தோளிலிருந்து வழுக்கி முழங்கையில் வந்து நின்றது. மறுபடி மாட்டி, மறுபடி குனிந்தாள். மறுபடி வழுக்கியது.

"யம்மா, இன்னா பண்ற? இத்த மாட்டிகினு வேலைக்கி போவப் போறியா?" என்றான் பெனிட்டோ. "பாக்கறவன் இன்னா சொல்லுவான்?"

"எம்புள்ளய நான் தூக்கினு போறேன். பாக்கறவனுக்கு இன்னா வந்துச்சு? நீங்க அவன மூணு நாள் வெயில்ல கட்டி வுட்டீங்களே, நான் எதனா கேட்டனா?"

பெனிட்டோவின் கை என் சட்டையை விட்டது. அவன் முகம் செத்துப்போனது. அவனைப் பார்க்க எனக்கு முதல்முறையாகப் பாவமாக இருந்தது. அதிக நேரம் இல்லை.

"வாரு குட்டையா கீது," என்றாள் அவள் என்னிடம். "நான் குனிஞ்சி குனிஞ்சி பொட்டி கழுவறவ. ரெண்டு கையிலயும் மாப்பு இருக்கும். தோளுல நிக்காது. தலைவழியா மாட்டி குறுக்கால போடணும். வாரு நீட்டிக் குடு."

வாரை நீட்டிக்க மிஷின் வேண்டும் என்றேன். கையால் தைத்தால் இந்தத் தடிமனில் நிற்காது.

அவள் பெனிட்டோவைப் பார்த்தாள். "போயி அத்த எட்த்தா."

அவன் அசையவில்லை. இவனுக்கா என்று கேட்டான். இவனுக்கு இல்லை, எனக்கு என்றாள். அவன் என்னைத் தாண்டிப் போகும்போது தோளால் இடித்துவிட்டுப் போனான். பேமானி என்றான். அரை மணி நேரத்தில் மிஷின் வந்தது, நான்கு பேர் சுமந்து மூன்று மாடி ஏற்றினார்கள். வராந்தாவில் இறக்கினார்கள். மேசையின் ஒரு கால் ஆடியது. பிரியாணி எல்லாருக்கும் பரிமாறினார்கள். எனக்கு யாரும் தரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அளவெடுக்க டேப்பை எடுத்தேன். அவள் நிமிர்ந்து நின்றாள். "மேல படாம எடு," என்றாள். ஒரு நுனியை அவளே தோளில் பிடித்துக்கொண்டாள். மறுநுனியை இடுப்பு எலும்புவரை நான் பிடித்தேன். எட்டு அங்குலம் கூடுதலாக வேண்டியிருந்தது. மிஷின் டிராயரில் பழைய வார் துண்டு ஒன்று இருந்தது, கறுப்பு. பையின் வார் நீலம். பொருந்தாது என்று காட்டினேன். பரவாயில்லை என்றாள்.

அவள் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை ஆடியதால் முதல் தையல் கோணியது. "கோணலா போவுது," என்றாள். பிரித்தேன். மறுபடி போட்டேன். இரண்டு வரிசை, நடுவில் குறுக்காக ஒன்று. கனம் தூக்கும் வாருக்கு அப்படித்தான் போட வேண்டும்.

நூலை வெட்டிக் கொடுத்ததும், இரண்டு கையாலும் வாரைப் பிடித்து, அறுத்துவிட வேண்டும் என்பதுபோல இழுத்தாள். ஒருமுறை, இன்னொருமுறை. தையல் தாங்கியது. தலைவழியாக மாட்டிக்கொண்டு குனிந்தாள். பை நகரவில்லை.

"சரி, போ," என்றாள்.

மிஷினை நான் தனியாகத் தூக்க முடியாது. பெனிட்டோவைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் திரும்பி நின்றான். மேசையிலிருந்து மிஷின் தலையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். மேசைக்கு இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும்.